சுருள் இல்லாத மாண்டலின்

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது வார்னிஷ் வாசனைதான். பதினான்கு மாதம் காத்திருந்தவனுக்கு அதுவே பாதித் திருப்தி. மீதிப் பாதி வந்துசேர இன்னும் நான்கு மாதம் ஆனது. அதனால்தான் இதை இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன்.

செய்தவர் தனி ஆள். உதவிக்குக்கூட யாரும் கிடையாது. வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாத்தியம், அவ்வளவுதான். நான் கேட்டது ஏ வகை மாண்டலின்: கண்ணீர்த்துளி போன்ற உடம்பு, வயலினில் இருப்பது போல இரண்டு எஃப் துளைகள், மேற்பலகை சிவப்பு ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கமும் மேப்பிள் மரம். எஃப் வகை என்ற இன்னொரு மாண்டலினில் தோளில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வருமே, அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைக் குடைந்து இழைக்க நாள்கணக்கில் ஆகும். அந்தக் கூலி விலையில் ஏறும், சத்தத்தில் ஏறாது என்பது என் கட்சி. அது சரிதானா என்று பிறகு சோதித்தும் பார்த்தேன், அதற்கு வருகிறேன்.

இதற்கு முன் பன்னிரண்டு வருடம் வாசித்தது ஆலையில் செய்த ஒன்று. அதன் மேற்பலகை ஒட்டுப்பலகை, அச்சில் அழுத்தி வளைத்தது. அடாவடியாகக் கையாண்டாலும் தாங்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மெல்லிய மேல் தந்தியில் பத்தாவது ஃப்ரெட்டை, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை, தாண்டினால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி 'டிங்' என்று கேட்டு அதோடு அறுந்துபோகும். புதியதில் அதே இடத்தில் வாசித்தால் சுரத்துக்கு ஒரு சதை இருக்கிறது. தடித்த பலகையைக் குடைந்து, நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் விட்டு, விளிம்பை நோக்கி மெலிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார். நடுநடுவே விரலால் தட்டிக் கேட்டுக் கேட்டு நிறுத்துவாராம். கனத்த கீழ்த்தந்தியை ஓங்கி அடித்தால் வயிற்றில் படுகிறது, அதாவது வாசிக்கிறவன் வயிற்றில்.

இந்தக் குடையும் வழக்கத்தை மாண்டலினுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கைவினைஞர் ஆர்வில் கிப்சன். 1898இல் காப்புரிமையே வாங்கிவிட்டார். பிறகு 1922இல் அவர் பெயரிலான கம்பெனியில் வேலை பார்த்த லாயிட் லோர் எஃப் துளைகளை வைத்து, கழுத்தை நீட்டி, எஃப்-5 என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்க புளூகிராஸ் இசையின் முன்னோடி பில் மன்றோ 1940களிலிருந்து பெரும்பாலும் வாசித்தது லோர் 1923இல் கையெழுத்திட்ட ஒன்றைத்தான். இன்றைக்குச் சிறு கைவினைஞர்களில் பலர் அந்த அளவைத்தான் பின்பற்றுகிறார்கள். என்னுடையதும் அதே கணக்கு, தந்தியின் அதிரும் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்.

எஃப் துளையில் சத்தம் சட்டென்று பாயும், சட்டென்று அடங்கும். தாளத்துக்கு வெட்டி வெட்டி வாசிக்க இதை மிஞ்ச முடியாது. ஆனால் இரவில் தனியாக உட்கார்ந்து மெதுவாக ஒன்றை இழைக்கவேண்டுமென்றால் முட்டை வடிவ ஒற்றைத் துளைதான் சுகம். வேறொரு கைவினைஞர் செய்த அந்த வகையை ஒருநாள் இரவல் வாங்கி வாசித்தேன். நாதம் உருண்டையாக வந்து கொஞ்சம் தங்கிப் போகிறது. உண்மையைச் சொன்னால் பொறாமையாக இருந்தது.

கமகம் வருமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வராது. ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி, அத்தனையும் விறைப்பு. இழுத்துப் பார்த்தால் விரல்தான் நோகும், சுரம் நகராது. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலின். அவரை நினைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

சரி, குறைக்கு வருவோம். வந்த முதல் வாரமே ஸ்ருதி சேர்க்கும்போது கீழ்த்தந்தி 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு அரைச் சுரம் தாவியது. கழுத்தின் உச்சியில் தந்திகள் படியும் எலும்புத் துண்டை நட் என்பார்கள். அதன் பள்ளம் இந்தத் தந்திக்குக் குறுகல். மற்ற பள்ளங்களும் மயிரிழை உயரம். அதனால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் சுரம் கூடிப்போய்க் கேட்கும். பலகையை அவ்வளவு நுட்பமாகச் செதுக்கியவர், கடைசி அரைமணி நேர வேலையில் அவசரப்பட்டிருக்கிறார். எழுதிக் கேட்டேன். சாக்குச் சொல்லவில்லை. திருப்பி அனுப்பினால் சரிசெய்கிறேன், அல்லது பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், செலவு என்னுடையது என்றார். வாத்தியத்தை மறுபடி பார்சலில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பழுது பார்ப்பவர் நுண்ணரத்தால் கால்மணியில் முடித்துவிட்டார். பணமும் வந்து சேர்ந்தது. இருந்தாலும் இது முதலிலேயே சரியாக இருந்திருக்கவேண்டும்.

அடுத்தது என் தவறு. தந்தி மாற்றுகிறேன் பேர்வழி என்று எட்டையும் ஒரேயடியாகக் கழற்றினேன். மாண்டலினில் தந்திகளைத் தாங்கும் கட்டையான பிரிட்ஜ் ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அது கையோடு வந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும், அங்கேயே லேசாகத் தொட்டு எழுப்பும் சுரமும் ஒன்றாகும்வரை அதை முன்னும் பின்னும் நகர்த்தி ஒரு மாலை போயிற்று. ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

புது மரம் வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும் என்பார்கள். நான்கு மாதத்தில் சத்தம் மாறியது நிஜம். ஆனால் என் கணக்கில் அதன் பெரும்பங்கு தந்திக்கும், மீட்டப் பயன்படும் சிறு தகடான பிக்குக்கும் போகும். 11 முதல் 40 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) கனத்த தந்தி போட்டு, பிக்கை 1.4 மில்லிமீட்டருக்கு ஏற்றியதும் அந்த முதல் மாத இறுக்கம் விட்டது.

தனி ஆளிடம் செய்யச் சொல்வதில் எனக்கு மிகப் பெரிய லாபம் மரமோ வார்னிஷோ இல்லை, கழுத்து. என் விரல்கள் தடிமன். வழக்கமான நட் அகலம் 28.5 மில்லிமீட்டர், 30 வேண்டும் என்றேன். என் இடது கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னார். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பன்னிரண்டு வருடமாகப் பக்கத்துத் தந்தியை இடித்துக்கொண்டிருந்த என் மோதிர விரலுக்குத் தெரியும் அதன் அருமை.

இனி அந்தச் சுருள் விவகாரம். அதே கைவினைஞர் அதே மரங்களில் செய்த எஃப் வகை ஒன்று நண்பரிடம் இருக்கிறது. இரண்டிலும் ஒரே தந்தி மாட்டினோம். அவர் அடுத்த அறையில் ஒரே வரியை மாற்றி மாற்றிப் பத்து முறை வாசித்தார், எது எது என்று நான் குறித்துக்கொண்டேன். ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். பிறகு நான் வாசிக்க அவர் கேட்டார். அவருக்கு நான்கு.

தாளைப் பார்த்துவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் தோள்வாரை எடுத்துச் சுருளைச் சுற்றி மாட்டிக்கொண்டு, "இதுக்காவது ஆகுதே" என்றார். அது வாஸ்தவம். என்னுடையதில் மாட்ட இடமில்லாமல் தலைப்பக்கம் ஒரு கயிற்றைக் கட்டி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.