சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்: வாக்கிங்குக்கு எந்த ஹார்னஸ் சரி?

நம் வேட்டை நாய்களுக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். கடையில் கிடைக்கும் ஹார்னஸ்களில் (கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) பலவும் லேப்ரடார் மாதிரி உருண்ட உடம்புக்கு வெட்டியவை. அவற்றை ஒரு சிப்பிப்பாறைக்கு மாட்டினால் பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். தெருவில் வெடிச்சத்தம் கேட்டு அது பின்வாங்கியதும் ஹார்னஸ் மட்டும் நம் கையில் மிஞ்சும்.

நாய் முன்னால் இழுக்கும்போது ஹார்னஸ் கழலுவது அபூர்வம். தலையைத் தாழ்த்தி, முழங்கையை உள்ளே மடக்கி, நம்மைப் பார்த்தபடி பின்னால் நகரும்போதுதான் கழலும். ஒவ்வொரு வகையையும் முதலில் இந்த ஒரு சோதனையில் வைத்துப் பாருங்கள்.

மார்பின் குறுக்கே ஒரே பட்டை ஓடும் வகையை மாட்டுவது சுலபம்: தலைவழியே போட்டு ஒரு பக்கிள். ஆனால் பின்வாங்கும் நாயிடம் முதலில் தோற்பது இதுதான். அந்தப் பட்டை தோள்மூட்டின் மேலேயே உட்கார்ந்தால் காலை நீட்டி வைப்பதற்கும் தடை. காலை உள்ளே விட்டு முதுகில் பூட்டும் ஸ்டெப்-இன், தலைவழியே எதையும் போட விடாத நாய்க்கு உதவும். பக் போன்ற குட்டை நாய்க்குப் போதும். நீளக்கால் நாய்க்கு அக்குளில் ஏறி உரசும்.

ஒய் (Y) வடிவம் மார்பெலும்பின் மேல் இறங்கி, தோள்களை இருபுறமும் விட்டு வைக்கிறது. அதனால் அதை முதலில் பாருங்கள் என்பேன். ஆனால் வடிவம் மட்டும் காப்பாற்றாது. 2019இல் 9 நாய்களை வைத்து வெளியான ஓர் ஆய்வில், தோளைத் தடுக்காது எனப்படும் ஒய் வகையும் தோள் நீட்சியைக் குறைத்தது. குறுக்குப்பட்டையைவிட அதிகமாகவே குறைத்தது. ஆகவே பெயரைப் பார்த்து வாங்காமல், உங்கள் நாய் அதைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். அடி குறுகினால் வேறு அளவோ வேறு வெட்டோ தேவை.

வேட்டை நாய்க்கு என் முடிவு, ஒய் வடிவத்தோடு வயிற்றுப் பக்கம் இன்னொரு பட்டையும் உள்ள வகை. கடைசி விலாவை ஒட்டி உட்காரும் அந்தப் பட்டை, அதைவிடச் சுற்றளவு பெரிய மார்பைத் தாண்டி முன்னால் வர முடியாது. விலை கூடுதல்தான், மிரண்டு ஓடும் நாய்க்கு அந்தப் பணம் தகும். தெருவிலிருந்து புதிதாக எடுத்து வந்த பயந்த நாட்டு நாய்க்கும் இதுவே.

மாட்டும் முறை: நாய் நிற்கும்போது தையல் டேப்பால் மூன்று இடம் அளக்கவும். கழுத்து தோளோடு சேரும் அடிப்பகுதி (காலர் இருக்கும் இடமல்ல), முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் பெரிய சுற்று, கடைசி விலா ஓரம். லீஷ் (பிடிக்கும் கயிறு) முதலில் காலரில் இருக்கட்டும். பட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களை எல்லாம் தளர்த்தி மாட்டி, இருபக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் முதுகு வளையம் சாய்ந்துவிடும். முன்பக்கச் சந்திப்பு தொண்டைக்குழியில் ஏறாமல் எலும்பின் மேல் இருக்க வேண்டும். மார்புப் பட்டைக்கும் முழங்கைக்கும் இடையே மூன்று நான்கு விரல்கடை இடைவெளி. எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் படுத்தபடி நுழைய வேண்டும். வயிற்றுப் பட்டையை இன்னும் சற்றுத் தளர்வாக விடலாம். ஆண் நாய்க்கு அது குறியை உரசுகிறதா என்று குனிந்து பாருங்கள்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, லீஷை ஹார்னஸுக்கு மாற்றி, நாய்க்கு எதிரே நின்று மெதுவாக உங்கள் பக்கம் இழுங்கள். மார்புப் பட்டை முழங்கையைத் தாண்டினால் வெளியே போகக் கூடாது.

இழுத்துக்கொண்டே நடக்கும் நாய்க்கு, லீஷை முன்னால் மாட்டும் மார்பு வளையம் உதவும், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். ஒடுங்கிய மார்புள்ள நாயில் அதே இழுப்பு ஹார்னஸையே சுழற்றி அக்குளில் நெருக்கும். இருமுனை லீஷில் ஒன்றை மார்பிலும் மற்றதை முதுகிலும் மாட்டினால் சுழல்வது குறையும்.

மார்ட்டிங்கேல் காலரையும் பலர் கேட்கிறார்கள். இழுத்தால் ஓரளவு மட்டும் சுருங்கும் அகலக் காலர் அது. சரியாகப் பொருந்தினால் தலையைவிட்டு எளிதில் கழலாது, நிதானமாக நடக்கும் நாய்க்குப் போதும். பூனையைக் கண்டு பாயும் நாய்க்கு முழு அதிர்ச்சியும் கழுத்தில் விழும். காலரில் அழுத்தம் ஏறும்போது கண்ணழுத்தமும் கூடுவது 2006 ஆய்விலேயே பதிவானது; ஹார்னஸில் அப்படிக் கூடவில்லை. எனவே ஹார்னஸுக்குத் துணையாக மட்டும் போடுங்கள், இரண்டையும் சிறு கொக்கிப்பட்டையால் இணைத்து.

நைலான் ஸ்லைடர் நடக்க நடக்க நழுவும். சரியான இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் பார்த்த உடனே தெரியும். மழைச் சேறு காய்ந்த பட்டை உப்புத்தாள் மாதிரி உரசும். அலசிக் காயவைத்தே மறுபடி மாட்டவும். தோல் பட்டை நம் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து விறைத்துப்போகும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, அக்குளில் சிவப்போ முடி உதிர்வோ இருக்கிறதா, பட்டை கிடந்த இடத்தில் உண்ணி ஒளிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும்.