கைமாத்துக்கு எது: துண்டுச் சீட்டா, புரோநோட்டா, பத்திரத்தாளா?

பிசான நெல் நடவு சமயம் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கைமாத்து புரளாத தெரு கிடையாது. எழுதி வாங்குவதுதான் ஆளுக்கொரு விதம்.

துண்டுச் சீட்டில் “இன்னாருக்கு நான் தர வேண்டிய பாக்கி 15,000 ரூபாய்” என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டால், பாக்கியை ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. அதற்குமேல் கேள்வி வந்தால் பணம் கொடுத்ததைக் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும். புரோநோட்டில், அதாவது பணம் தருவதாக உறுதி எழுதிக் கொடுக்கும் தாளில், அந்தப் பாரம் வாங்கியவர் தலையில். எழுதிக் கொடுத்தவர் அவர்தான் என்று ஆகிவிட்டால், பணம் கைமாறியதாகவே 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 118ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று அவர்தான் காட்ட வேண்டும். சில ஆயிரத்துக்குச் சீட்டு போதும். 50,000 என்றால் புரோநோட்டுதான்.

ஆனால் அச்சிட்ட வாசகத்தில் கை வைக்கக் கூடாது. “தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது” என்ற வரியோடு “பிசானம் அறுத்ததும் தருகிறேன்” என்று சேர்த்தால் கெட்டது. அணை நிரம்பாவிட்டால் அறுப்பு ஏது? நிபந்தனை விழுந்த தாள் புரோநோட்டு ஆகாது. “பணமாகவோ நெல்லாகவோ” என்றாலும் அதே கதிதான்.

சீட்டோ புரோநோட்டோ, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலுமாக ஓட வேண்டும். புரோநோட்டில் ஒட்டாமல் விட்டால் கோர்ட்டில் அபராதம் கட்டிக்கூட அதைச் சரிக்கட்ட முடியாது.

20 ரூபாய் பத்திரத்தாள்தான் கெட்டி என்பது வெறும் நம்பிக்கை. “உத்தரவு பெற்றவர்” என்ற வாசகம் இல்லாமல், சாட்சி வைத்துத் “தருகிறேன்” என்று எழுதினால் அது கடன் பத்திரம். முத்திரைத் தீர்வை தொகைக்குத் தக்கபடி ஏறும். தீர்வையில் குறையும் தொகைக்கு 10 மடங்கு வரை அபராதம் உண்டு. கைமாத்துக்கு இது வீண்.

கேட்கும்போது தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. அது முடியுமுன் 500 ரூபாய் கட்டினாலும், பின்புறம் வரவு எழுதிக் கட்டியவரே கையெழுத்துப் போட்டால் புதிதாக 3 வருஷம் ஓடும். கொடுத்தவர் தானே எழுதிக்கொண்ட வரவு உதவாது.

வாங்குகிறவர், தொகை நிரப்பாத புரோநோட்டில் ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டால் நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்ததாகிவிடும். கடன் தீரும்போது புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கையோடு கிழித்துவிடுங்கள். “எங்கேயோ வச்சிட்டேன், தேடித் தாறேன்” என்று கொடுத்தவர் சொன்னால், முழுப் பணமும் வந்ததற்கு ரசீது கைக்கு வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.