சல்மெரோனா, காஸ்தெலாரா?

மன்னர் அமதேயோ 'ஆளை விடுங்கள்' என்று முடி துறந்துவிட்டுக் கிளம்பிய 1873 பிப்ரவரி 11 அன்றே, ஸ்பெயின் நாடாளுமன்றம் 258க்கு 32 என்ற வாக்கில் குடியரசை அறிவித்தது. அடுத்த பதினோரு மாதத்துக்குள் நான்கு தலைவர்கள். முதலாமவர் ஃபிகெராஸ் ஜூன் மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிப் பிரான்சுக்குப் போய்விட்டார். அவர் கதை அவ்வளவுதான். மீதி மூவரில் யார் தேவலை என்று பேச்சு வந்தால், போட்டி பெரும்பாலும் சல்மெரோனுக்கும் காஸ்தெலாருக்கும்தான்.

இருவரும் பேராசிரியர்கள். அல்மெரியா மாகாணத்துக்காரரான நிக்கொலாஸ் சல்மெரோன் மத்ரித் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர். எமிலியோ காஸ்தெலார் காதிஸில் பிறந்தவர், வரலாற்று ஆசிரியர். மேடையில் அவரை மிஞ்ச அன்றைய ஸ்பெயினில் ஆளில்லை. இவர்கள் கைக்கு வந்த நாடுதான் மோசம். வடக்கே அரச குடும்பத்தின் மற்றொரு கிளையை அரியணை ஏற்றத் துடித்த கார்லிஸ்ட்களின் போர், கடல் கடந்து கியூபாவில் விடுதலைப் போர், தெற்கிலும் கிழக்கிலும் ஊருக்கு ஊர் தன்னாட்சி அறிவித்த கன்டோன் கிளர்ச்சி. ஜூலை 12 அன்று கடற்படைத் துறைமுகமான கார்தஹேனா கிளர்ச்சிக்காரர்கள் வசமானது, கடற்படைக் கப்பல்களும் சேர்த்து.

அப்போது தலைவராக இருந்தவர் பி மர்கால். கிளர்ச்சிக்காரர்களுக்குக் கூட்டாட்சிக் கொள்கையை ஊட்டியவரே அவர்தான். அதனால் கிளர்ச்சிக்காரர்களைச் சுட அவருக்கு மனம் வரவில்லை. அரசியல் சட்டம் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்று நம்பினார். ஐந்தே வாரத்தில் பதவி போயிற்று.

சல்மெரோன் அப்படித் தயங்கவில்லை. கிளர்ச்சிக் கப்பல்களைக் கடற்கொள்ளைக் கப்பல்கள் என்று ஆணையிட்டார். ஆண்டலூசியாவுக்குத் தளபதி பவியாவையும் வலென்சியாவுக்கு மார்த்தினெஸ் காம்போஸையும் அனுப்பினார். ஜூலை 30 அன்று கிளர்ச்சிக் கப்பல்கள் அல்மெரியாவிடம் பணம் கேட்டு, கிடைக்காததால் நகரத்தின் மேல் குண்டு பொழிந்தன. தலைவரின் சொந்த மாகாணத் தலைநகர் அது! ஆகஸ்டுக்குள் பெரும்பாலான ஊர்கள் அடங்கின. பிறகு படையில் ஒழுங்கைக் காக்க மரண தண்டனைகளை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று தளபதிகள் நின்றார்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று செப்டம்பரில் விலகினார். மத்ரித்தில் அவர் கல்லறையிலும் இதையே பொறித்து வைத்திருக்கிறார்கள்.

காஸ்தெலாரும் கொள்கையளவில் மரண தண்டனைக்கு எதிரிதான். ஆனாலும் பதவிக்கு வந்ததும் அதைப் படையில் மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ரிசர்வ் படைகளை அழைத்தார், பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போட்டார், ஜனவரி வரை நாடாளுமன்றத்தையே மூடி வைத்தார். கார்தஹேனா மட்டும் அவர் காலத்திலும் விழவில்லை.

1874 ஜனவரி 3 அதிகாலை நம்பிக்கை வாக்கெடுப்பில் காஸ்தெலார் 100க்கு 120 என்று தோற்றார். எதிர்த்து வாக்களித்தவர்களில் சல்மெரோனும் உண்டு. அவைத் தலைவரும் அவரே. புதிய தலைவருக்கான வாக்கெடுப்பு நடக்கும்போதே, அவையைக் காலி செய்யச் சொல்லி அவருக்குச் செய்தி வந்தது. அனுப்பியவர் அதே பவியா! படை உள்ளே புகுந்தது. மார்த்தினெஸ் காம்போஸோ அந்த ஆண்டு டிசம்பரில் சகுந்தோவில், முன்பு அரியணை இழந்த அரசி இசபெலாவின் மகன் அல்ஃபோன்சோவை மன்னராக அறிவித்து, குடியரசுக்கே முடிவு கட்டினார்.

அதனால்தான் சல்மெரோனுக்குக் கிடைக்கும் புகழ் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. மனசாட்சிக்காகப் பதவியை உதறுவது சாதாரண காரியமில்லை, சரி. ஆனால் தளபதிகளைக் களத்தில் இறக்கிவிட்டவர் அவர். கணக்கு வந்தபோது எழுந்து போனார். அந்தக் கணக்கைக் காஸ்தெலார் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். கவிழ்த்த பிறகும் அவரையே ஆட்சியில் வைத்துக்கொள்ளப் பவியா தயாராக இருந்தார், காஸ்தெலார் மறுத்துவிட்டார். இந்த மறுப்பை யாரும் கல்லில் பொறிக்கவில்லை. இருவரில் ஒருவர் என்றால் என் வாக்கு காஸ்தெலாருக்கு.

பிற்காலத்தில் அவர் முடியாட்சியோடு ஒத்துப்போனது உண்மைதான். சல்மெரோன் பேராசிரியர் பதவியை இழந்து, பாரிஸில் பல ஆண்டுகள் வாழ்ந்து, திரும்பி வந்து 1908இல் சாகும்வரை குடியரசுக்காரராகவே இருந்தார். கொள்கைப் பிடிப்பை மட்டும் அளந்தால் அவருக்குத்தான் மதிப்பெண் கூடும். அந்த அளவுகோலில் பி மர்கால் இருவரையும் முந்திவிடுவார் என்பது வேறு விஷயம்.