பணம் கட்டும் முன்: ஃபைனல் கட் புரோவின் காலவரம்புள்ள சோதனையா, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பா?

இரண்டும் காணொளித் தொகுப்பு மென்பொருள்கள். ஃபைனல் கட் புரோ தன் முழு வசதிகளையும் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் இலவசமாகத் திறந்துவிடுகிறது. டாவின்சி ரிசால்வோ காலவரம்பே இல்லாத இலவசப் பதிப்பைத் தந்து, சில வசதிகளை மட்டும் கட்டணம் செலுத்தி வாங்கும் ஸ்டுடியோ பதிப்புக்கென ஒதுக்கிவைக்கிறது. கணினிகளில் முன்னது மேக்கில் மட்டுமே இயங்குவதால், விண்டோஸ் பயன்படுத்துவோருக்குத் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

காணொளித் தொகுப்பில் கை பழகவே மாதங்கள் ஆகும் என்பதால், காலவரம்பு இல்லாததைப் பெரிய நன்மையாகவே கருதுகிறேன். ஆனால் ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஏற்றுமதி (முடித்த காணொளியைக் கோப்பாக வெளியே எடுப்பது) 3840×2160 அளவைத் தாண்டாது. படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்குவது போன்ற கட்டண வசதியைப் பயன்படுத்தினால் படத்தின் மேல் நீர்க்குறி விழும். (அந்தக் குறியோடாவது விளைவைக் கண்ணால் பார்த்துவிட முடிவது வாங்குபவருக்கு உதவிதான்.) எதைத் தேர்ந்தாலும், மாதிரிக் கோப்பை விடுத்து உங்கள் கேமரா பதிவுசெய்த கோப்பிலேயே சோதனையைத் தொடங்குங்கள்: 10-பிட் எச்.265 (காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு வடிவம்) பதிவு திறக்கிறதா, காலக்கோட்டில் தடங்கலின்றி ஓடுகிறதா, இறுதிவரை பிழையின்றி ஏற்றுமதியாகிறதா என்பவற்றை விளம்பரப் பக்கம் சொல்லாது. ஃபைனல் கட் சோதனையை, முடிக்க வேண்டிய வேலை ஒன்று கையில் இருக்கும்போது மட்டுமே தொடங்குவது நல்லது. தொடங்கிவிட்டு மறந்தாலும் நாட்கள் கழிந்துகொண்டே இருக்கும்.