பத்து வருட லித்தியம்: கை நடுக்கம், தாகம், ஒரு தைப்பூசம்

எனக்கு இருப்பது பைபோலார், மனம் சில காலம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் சோர்ந்து விழும் நோய். 2015-இல் அதற்கு லித்தியம் கார்பனேட் மாத்திரை ஆரம்பித்தார்கள், நடுவில் விட்ட நாட்கள் தவிர இன்றுவரை தினமும் இரவு சாப்பிட்டதும் போடுகிறேன். காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி மொரிசியஸ் வந்தவள், ரோஸ் ஹில்லில் வீடு, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கவிளைவு என்று தேடினால் முழ நீளத்துக்குப் பட்டியல் வரும். அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தொடவே பயந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் எது தொந்தரவு, எது ஆபத்து என்று பிரித்துச் சொல்ல அப்போது எனக்கு ஆளில்லை.

முதலில் கை. மூன்றாவது வாரமே நடுங்க ஆரம்பித்தது. கரும்பலகையில் 'ழ' எழுதினால் கீழே சுழிக்கிற இடத்தில் கோடு அதிரும். பொங்கலன்று வாசலில் கோல மாவு புள்ளியைத் தொடாமல் பக்கத்தில் விழுந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கத்தில் குந்தி, "நீ புள்ளி மட்டும் வை, கோடு நான் இழுக்கிறேன்" என்று இங்கே பேசும் கிரியோல் மொழியில் சொன்னார். என்ன வியாதி, என்ன மருந்து என்று அவர் கேட்கவே இல்லை. டாக்டரிடம் இதைச் சொல்லவே எனக்கு நாலு மாதம் ஆயிற்று, சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்ற பயம். அவர் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்த்தார், 0.9 இருந்தது, மருந்தைக் கொஞ்சம் குறைத்து 0.7-க்குக் கொண்டுவந்ததும் நடுக்கம் பாதியாகிவிட்டது. அந்த ரத்தத்தைக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும், இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு. நேரம் மாறினால் அந்த எண்ணை நம்ப முடியாது.

அடுத்தது தாகம், ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். தாகத்துக்குக் குளிர்பானமாகக் குடித்து ஒரு வருடத்தில் ஆறு கிலோ ஏறினேன். எடை ஏறிய கோபத்தில் 2016 கடைசியில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினேன். ஆறாவது வாரம் தூக்கமே வேண்டாமென்று இருந்தேன், சேமிப்பில் பாதி போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை. நிறுத்துவதென்றாலும் டாக்டரோடு பேசி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், இது மட்டும் நிச்சயம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கினேன். ஏறிய எடையில் பெரும்பகுதி குளிர்பானத்தை விட்டுத் தண்ணீருக்கு மாறியதும் இறங்கியது.

மூன்றாம் வருடம் சோர்வு, முடி கொட்டல், எதிலும் மனம் ஒட்டாமை. மனச்சோர்வு திரும்பிவிட்டது என்றே அழுதேன். பார்த்தால் தைராய்டு! லித்தியம் தைராய்டை மந்தமாக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையும் சிறுநீரகத்தையும் சோதிப்பது அதனால்தான். காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் மாத்திரை, அரை மணி கழித்துத் தேநீர். சில வாரத்தில் மனம் தெளிந்தது.

இப்போது 2019 தைப்பூசத்துக்கு வருகிறேன். காவடிக்கு இங்கே பத்து நாள் விரதம். நான் அந்த வருடம் வேண்டுதல் என்று உப்பையும் விட்டேன். ஜனவரி இங்கே உச்சக் கோடை. எட்டாம் நாள் கால் வலி என்று மருந்துக் கடையில் கேட்டேன், இபுப்ரோஃபென் கொடுத்தார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காவடியன்று நடக்கும்போதே கால் பின்னியது, நாக்கு குழறியது, கை முன்புபோல மெல்ல நடுங்காமல் உதறியது, அப்புறம் வாந்தி, பேதி. சுற்றியிருந்தவர்கள் அருள் வந்திருக்கிறது என்று நினைத்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அளவு 1.7. மருந்தை நிறுத்தி வைத்து, உப்புநீர் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

காரணத்தை அங்கேதான் ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார். லித்தியம், உப்பிலிருக்கும் சோடியத்துக்கு நெருங்கிய சொந்தம். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லித்தியத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும் அளவை ஏற்றும், சில ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படித்தான். வலிக்கு இப்போது பாராசிட்டமால் மட்டும். லித்தியம் போடுகிறவர்களே, நாலு வருடம் கை நடுங்கியது எனக்கு ஒன்றும் செய்யவில்லை, உப்பில்லாத பத்து நாளும் ஒரு வலி மாத்திரையும்தான் உயிருக்கு உலை வைத்தன. வாந்தியோ பேதியோ வந்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், நடுக்கம், தூக்கம், எடை, ரத்த அளவு, எல்லாம் தேதி போட்டு. டாக்டர் மாறினாலும் நோட்டு மாறவில்லை. போன முறை அளவு 0.6.

விரதத்தை விடவில்லை. முருகனுக்குப் பத்து நாளும் சைவம் உண்டு, உப்பும் உண்டு. இந்த வருடம் பால்குடம் எடுத்தேன். கோர் தெ கார்த் மலைக் கோயில் படிவரைக்கும் என் வீட்டுக்காரர் தண்ணீர் போத்தலோடு பக்கத்திலேயே நடந்து வந்தார், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீட்டினார், நானும் நின்று குடித்தேன்.