சைலோசைபின், விபாசனா, மூச்சுமுறை: வாழ்க்கைப் பார்வையை மாற்றுவது எது?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 36 பேருக்குச் சைலோசைபின் கொடுத்தார்கள். மாயக்காளானில் இருக்கும் வேதிப்பொருள் அது. அளவு, 70 கிலோ உடல் எடைக்கு 30 மில்லிகிராம். இரண்டு மாதம் கழித்து, மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தங்கள் வாழ்நாளின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். 14 மாதம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோர் அதையே சொன்னார்கள். ஆகவே பார்வை மாறுமா என்ற கேள்விக்கு, மாறும் என்பதே பதில். ஆனால் மாற்றியது மருந்து மட்டும்தானா?

அந்த 36 பேருமே ஏற்கெனவே பிரார்த்தனை, தியானம் போன்ற பழக்கம் உள்ளவர்கள். மருந்துக்கு முன்பு மொத்தம் 8 மணி நேரம் ஆயத்தப் பேச்சு நடந்தது. வீட்டுக் கூடம் போன்ற அறை, சோஃபா, கண்ணை மூடும் பட்டை, காதில் இசை, பக்கத்திலேயே துணையாளர்கள். இத்தனை இருந்தும் 11 பேருக்கு நடுவில் கடும் பயம் வந்தது. தெரியாத இடத்தில், தெரியாத அளவில், தனியாக எடுப்பவருக்கு அந்தப் பயம் வந்தால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஜன்னலையோ சாலையையோ நோக்கி ஓடி விபத்து நடப்பது அப்போதுதான்.

உடலுக்குள் சைலோசைபின் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதித்தூதை ஏற்கும் '2ஏ' ஏற்பிகளைத் தூண்டுகிறது. அரைமணி முதல் ஒருமணி நேரத்தில் தொடங்கி, நான்கைந்து மணி நேரம் நீடிக்கும். 'நான்', 'என் கதை' என்று ஓயாமல் அசைபோடும் மூளை வலைப்பின்னலின் ஒழுங்கு தற்காலிகமாகக் குலைகிறது. பழைய எண்ணத்தடம் தளர்வதால் புதிய கோணம் தெரிகிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'இதுதான் உண்மை' என்ற அசைக்க முடியாத உறுதியும் அந்த நிலையின் ஒரு பகுதியே. அதனால் அப்போது தோன்றியது சரியா தவறா என்பதை மருந்து இறங்கிய பின்தான் சோதிக்க முடியும்.

அதே பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு இன்னும் கூர்மையானது. 75 பேர், மூன்று குழு. எல்லோரும் தினமும் தியானம் பழக வேண்டும். ஒரு குழுவுக்கு மிகக் குறைந்த அளவு மருந்து. மற்ற இரண்டுக்கும் நிறைய மருந்து; ஆனால் ஒன்றுக்குச் சுமார் 7 மணி நேர வழிகாட்டல், இன்னொன்றுக்கு 35 மணி நேரம். ஆறு மாதம் கழித்து அதிகம் மாறியிருந்தது மருந்தும் நீண்ட வழிகாட்டலும் சேர்ந்து கிடைத்த குழுதான். மருந்து பலன் தந்தது. ஆனால் அந்தப் பலன் எவ்வளவு என்பதில் தினசரித் தியானப் பழக்கத்துக்கும் பங்கு இருந்தது.

அப்படியானால் பழக்கம் மட்டும் போதுமா? எஸ்.என். கோயங்கா என்ற தியான ஆசிரியரின் மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாம் அதைத்தான் முயல்கிறது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும், நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும், பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிப்பது. நான்காம் நாளிலிருந்து உடல் முழுக்க எழும் வலி, சூடு போன்ற உணர்வுகளைக் கவனிப்பது; நாளுக்கு மூன்று முறை ஒருமணி நேரம் அசையாமல் உட்கார முயல வேண்டும். கட்டணம் இல்லை. முழங்கால் வலியை விரட்டாமல் பார்க்கப் பார்க்க, அது குத்தலாகவும் சூடாகவும் துடிப்பாகவும் பிரிந்து மாறுவது தெரியும். கோபத்தையும் இப்படிப் பார்க்கலாம் என்பது பிடிபட்டால் அதுவே புதிய பார்வை. சிலருக்குத் தூக்கம் கெட்டு, பதற்றமும் தன்னிடமிருந்தே விலகிப்போன உணர்வும் வரும். அப்போது வைராக்கியமாக உட்கார்ந்திருக்காமல் ஆசிரியரிடம் உடனே சொல்ல வேண்டும்.

ஸ்டானிஸ்லாவ் கிராஃப், கிறிஸ்டினா கிராஃப் தம்பதி உருவாக்கிய ஹோலோட்ரோபிக் மூச்சுமுறை, எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்து தடைசெய்யப்பட்ட பிறகு மாற்றாக வந்தது. இரண்டு மூன்று மணி நேரம் வேகமாக, ஆழமாக மூச்சு விடுவார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். விரல்கள் மடங்கி இழுக்கும். காட்சிகளும் அழுகையும் வருகின்றன. நிலைக்கும் மாற்றத்துக்கான சான்று மூன்றிலும் இதற்கே குறைவு. வலிப்பு, இதயநோய், கர்ப்பம், கண் அழுத்தநோய் இருந்தால் இந்தப் பக்கமே போகக்கூடாது.

மூன்றில் வேகமும் வீச்சும் சைலோசைபினுக்குத்தான். ஆனால் இந்தியாவில் அதை வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம். கொடைக்கானலில் கைக்கு வரும் காளானில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க வழியில்லை. நச்சுக்காளான் கலந்தால் கல்லீரலே போகலாம். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் இதைத் தரலாம். பாதுகாப்பான இடம் அத்தகைய சிகிச்சை அறைதான். நோயில்லாமல் பார்வையை மட்டும் விரிக்க விரும்புகிறவருக்கு விபாசனாவையே சொல்வோம்.

மனச்சிதைவோ இருதுருவ நோயோ தனக்கு அல்லது நெருங்கிய ரத்த உறவில் இருந்தால் காளானும் வேண்டாம், வேக மூச்சும் வேண்டாம். விபாசனாவுக்கும் மனநல மருத்துவரைக் கேட்டுவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். இருதுருவ நோய்க்குத் தரப்படும் லித்தியம் மாத்திரை எடுப்பவருக்குச் சைலோசைபின் வலிப்பைத் தூண்டலாம். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.