கீழக்கரையில் தேக்சாவுக்கு ஈயம் பூசும் வேலை: நம்பிக் கொடுக்கலாமா?

கல்யாண சீசனுக்கு முன்னால் தெருவோரம் குழியடுப்பு போட்டு உட்காரும் ஈயம் பூசுபவரிடம் பிரியாணி ஆக்கும் பெரிய செம்புப் பாத்திரமான தேக்சாவைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்திலேயே நின்று வாங்குங்கள்.

கழுவும் வேலைக்கு முழு மார்க் போடலாம். புளி, உப்பு, மணல் போட்டுத் தேய்த்து, பழைய ஈயமும் பச்சைக் களிம்பும் போய் உள்பக்கம் இளஞ்சிவப்பாகும்வரை விடவில்லை. உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் களிம்பேறும்.

அடுத்தது சூடு. பூசுகிற ஈயம் வெள்ளீயம் (டின்), அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காய்ந்த தேக்சாவில் நவச்சாரத்தூளை (அம்மோனியம் குளோரைடு உப்பு) தூவியதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். செம்பின் மேல் படிந்த கருப்புக் கறையை எடுப்பது அந்த நவச்சாரம்தான். உடனே ஈயக்குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் ஈயம் திட்டுத்திட்டாக நிற்கும், மிஞ்சினால் மஞ்சளித்துவிடும். இங்கே அடிப்பாகம் கண்ணாடி மாதிரி வந்திருந்தது. புகை நெஞ்சைப் பிடிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

குறை வாய் விளிம்பில். மடிப்புக்குக் கீழே பஞ்சு போகாமல் விரல் அகலத்துக்குச் செம்பு அப்படியே தெரிந்தது. தயிரும் தக்காளியும் எலுமிச்சையும் கொதித்து ஏறும்போது அங்கேதான் படும். புளிப்பில் செம்பு இறங்கினால் குமட்டல், வாந்தி வரும். சுட்டிக்காட்டியதும் மறுபடி காய்ச்சிப் பூசித் தந்தார்கள், கூடக் காசு கேட்கவில்லை.

பூசுவதற்கு முன் குச்சியைக் கையில் வாங்கிப் பாருங்கள். வெள்ளீயத்தை வளைத்தால் நறநறவென்று சத்தம் வரும். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது காரீயம் (லெட்) கலந்தது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரீயம் உடம்புக்கு நஞ்சு.

வெறும் தேக்சாவை அடுப்பில் ஏற்றாதீர்கள். எண்ணெய் ஊற்றிய பிறகே தீ. மரக்கரண்டி போதும், கம்பி நார் கூடாது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசியாக நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு தெரிந்தால் மறுபடி பூசக் கொடுத்துவிடுங்கள்.